அப்பாயியிடம் படித்த இறக்கம்

பூலாம்பாடிக்காரனுக்கு மலை புதிதல்ல. மாடியில் ஏறி நின்றால் மேற்கே நீளத்துக்குப் பச்சைமலை தெரியும். தெரியும் என்பதோடு சரி. மேகம் அந்தப் பக்கம் கட்டுகிறதா, மழை வருமா என்று பார்ப்பதற்கான திசை அது. ஊரில் பல வீடுகளில் யாராவது ஒருவர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். திருச்சி விமான நிலையத்துக்குப் போகிற வழி தெரிந்த அளவுக்கு எங்கள் வயதுப் பையன்களுக்கு மலைமேல் போகிற வழி தெரியாது.

திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிற மலை. பரப்பு 527 சதுர கிலோமீட்டர். உயரம் பெரிதில்லை, பெரும்பகுதி 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்குள். ஊட்டிக் குளிர் இல்லாததால் ஊட்டிக் கூட்டமும் இல்லை. கோடையில் அடிவாரக் காடு இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். மயிலூற்று அருவியில் பாறை மட்டும் இருக்கும்.

எங்கள் குறி இந்த மலை இல்லை, வெள்ளியங்கிரி. நாங்கள் நான்கு பேர். ஒருவன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். ஒருவன் பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஒருவன் சிங்கப்பூரில் ஏசி போட்ட கிடங்கில் வேலை பார்த்துவிட்டு நீண்ட விடுப்பில் வந்தவன். நான் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவன். கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் தொடங்கி ஏழு மலை தாண்டிப் போக வேண்டும். ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் என்கிறார்கள். கேட்டால் அரும்பாவூர் வரை போய்வருகிற மாதிரி இருக்கிறது. ஆனால் உச்சி 6,000 அடியை ஒட்டியது. ஏறுகிற உயரம் மட்டும் ஏறக்குறைய 4,000 அடி. வனத்துறை பிப்ரவரி முதல் மே வரைதான் பக்தர்களை விடுகிறது. ஆகவே போனால் வெயில் காலத்தில்தான் போயாக வேண்டும். 2024 பருவத்தில் அந்த மலையில் பலர் மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் இறந்துபோனார்கள். அந்தச் செய்திகளுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரே வார்த்தையில் நின்றார்கள்: பழகிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் போகாதீர்கள்.

பழகுவது எப்படி என்று பி.டி. வாத்தியார் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு வந்தான். ஏரிக்கரையில் ஓட்டம், தோப்புக்கரணம், மாடிப்படி. அதில் நைஸ்மித் கணக்கு வேறு. 1892-ல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். வெள்ளியங்கிரிக்குப் போட்டுப் பார்த்தால் மூணேகால் மணி நேரம் வருகிறது. ஐந்து, ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அங்கே அதிகம். ஸ்காட்லாந்துக் குளிரில் போட்ட கணக்கு. கத்திரி வெயில் அதற்குள் இல்லை.

அந்த அட்டவணையைப் பாதியில் மடித்து வைக்கச் செய்தவர் செல்போன் கடைக்காரனின் அப்பாயி. மலையாளப்பட்டி பக்கம், அடிவாரத்தில் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. இன்றும் ஆடு ஓட்டிக்கொண்டு போகிறார். மலைமேல் ரோடு இல்லாத காலத்தில் உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் ஏற்றி, புளியும் பலாப்பழமும் தலைச்சுமையாக இறக்கியவர். எங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்:

“ஏறுறது கெடக்கட்டும். அந்தக் கரட்டுலேருந்து எறங்கிக் காட்டுங்கடா பாப்பம்.”

கரடு என்றால் அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரளைக்கல் மேடு. காப்புக்காட்டு எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம். நாங்கள் தடதடவென்று இறங்கினோம். சின்ன வயதில் எல்லோரும் இறங்குகிற மாதிரிதான். குதிகால் முன்னே போய் விழும், உடம்பு பின்னே சாயும், கடைசி நாலு எட்டு ஓட்டமாக முடியும். அப்பாயி சிரிக்கவில்லை. “இதே மாதிரி ஏழு மலைய எறங்கு, அஞ்சாவதுலேயே உன்னைய டோலியில தூக்கிட்டுப் போவாங்க” என்றார்.

அன்றிலிருந்து வெகுநாள் வரை எங்கள் பாடம் இறக்கம் மட்டும்தான். ஏறிப் போவதைக்கூட இறங்குவதற்காகத்தான் செய்தோம்.

அவர் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். காலை எட்டிப் போடாதே, உடம்புக்குக் கீழேயே வை. குதிகாலை ஊன்றாதே, பாதம் முழுக்கப் படட்டும். முழங்காலை விறைப்பாக வைக்காதே, கொஞ்சம் தளர்த்தி வை. உருண்டைக் கல்லின் மேல் மிதிக்காதே, இரண்டு கல்லுக்கு நடுவில் மண் இருக்கும், அதில் வை. சரளை கூடுதலாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பி இறங்கு. செடியைப் பிடிக்காதே. கோடையில் வேர் காய்ந்து கிடக்கும், கையோடு வந்துவிடும். சருகுக் குவியலில் காலை விடாதே. “கீழ குழி இருக்கும், இல்லாட்டி பூச்சி கெடக்கும்.” பூச்சி என்று அவர் சொன்னது பாம்பை. சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இந்தப் பக்கத்துக் காய்ந்த காட்டில் உண்டு. சுருட்டை, சருகின் நிறத்திலேயே இருக்கும். கம்பால் தட்டிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

இதில் கடினமானது நிதானம். ஏற்றத்தில் வேகத்தைக் குறைப்பதற்கு மூச்சே பார்த்துக்கொள்ளும். இறக்கத்தில் யாரும் நம்மைத் தடுப்பதில்லை. மண் இழுக்கும், பை தள்ளும், பின்னால் வருகிறவன் அவசரப்படுத்துவான். ஒவ்வொரு எட்டிலும் உடம்பைப் பிடித்து நிறுத்துகிற வேலை தொடையின் முன்பக்கத்துக்குத்தான். முதல் சில தடவை இரண்டு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வந்தது. வீட்டில் படியிறங்கக் கைப்பிடியைத் தேடினோம். கழிப்பறையில் குந்தி உட்கார்ந்தவன் எழுந்து வந்த கதையைச் செல்போன் கடைக்காரன் நடித்தே காட்டினான்.

இந்த வலிக்குப் பி.டி. வாத்தியார் காரணம் சொன்னான். தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்தால் மூச்சு வாங்கும், ஆனால் பெரிய காயம் இல்லை. நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் வருகின்றன. இறங்கும்போது தொடைக்கு நடப்பது இதுதான். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வலி உச்சம் தொடும். ஆனால் ஒருமுறை அந்த வேலையைச் செய்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அந்த அளவு நோகாது. சமதள ஓட்டத்தாலோ சைக்கிளாலோ இது முழுதாகக் கிடைக்காது, இறங்கித்தான் வாங்க வேண்டும். அப்பாயிக்கு இந்த விளக்கம் எல்லாம் தேவைப்படவில்லை. பலாப்பழச் சுமையோடு இறங்கியவருக்கு அது முழங்காலிலேயே எழுதியிருந்தது. வாத்தியார் தன் அட்டவணையில் ஓட்டத்தை அடித்துவிட்டுக் கரடு என்று எழுதிக்கொண்டான்.

பைக்குப் பாரம் வேண்டுமே என்று தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு ஏறுவோம். தொடக்கத்தில், மேலே போனதும் தண்ணீரைக் காலி செய்துவிட்டு வெறும் பையோடு இறங்கச் சொன்னார். முழங்கால் பழகும் வரை இறக்கத்தில் சுமை கூடாதாம். தண்ணீரைத் தரையில் ஊற்றப் போனவன் கையைத் தட்டிவிட்டு, ஆடு குடிக்கிற கல்தொட்டியைக் காட்டினார். சித்திரை மாதத்தில் அடிவாரத்தில் தண்ணீரைக் கொட்டுகிறவனை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏற்றத்துக்கு அவர் வைத்திருந்தது ஒரே விதி. பேசிக்கொண்டே வர வேண்டும். பேச்சு நின்றால் வேகம் கூடுதல் என்று பொருள். செல்போன் கடைக்காரன் சினிமாக் கதை சொல்லிக்கொண்டு ஏறுவான். கதாநாயகன் பழிவாங்குகிற இடத்தில் வாக்கியம் உடைந்தால் எல்லோரும் எட்டைச் சுருக்குவோம். ஓட்டப் பயிற்சியாளர்களும் பேசிப் பார்ப்பதைத்தான் அளவாகச் சொல்கிறார்களாம். கையில் இதயத்துடிப்புக் கடிகாரம் கட்டியிருந்த சிங்கப்பூர்க்காரன் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டான்.

வெயில் தனிப் பாடம். விடிவதற்கு முன்பே பயிற்சியை முடித்துவிட்டால் சுகம். ஆனால் வெயிலையே பார்க்காத உடம்போடு கோடை மலைக்குப் போவதில் பொருள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைத் தள்ளினோம். முதலில் சூரியன் எழும் வரை, பிறகு ஏழு மணி வரை, பிறகு எட்டு, ஒன்பது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். முதல் சில நாளிலேயே இரத்தத்தில் நீரின் அளவு கூடும். பிறகு வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பு குறையும். பழக்கம் விட்டால் சில வாரத்தில் இதெல்லாம் போய்விடும். சிங்கப்பூர்க்காரன் வெக்கையான ஊரிலிருந்துதானே வருகிறான் என்று நினைத்தோம். ஏசிக்குள் வேலை, ஏசி ரயில், ஏசி அறை. எங்களில் முதலில் சுருண்டு உட்கார்ந்தவன் அவன்தான். அப்பாயி அவனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, தலையில் ஈரத்துண்டு போட்டு, நீச்சத்தண்ணியில் கல்லுப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொடுத்தார். சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது.

தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே போவதும் தவறு. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீராக ஊற்றிக்கொண்டால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். தாகத்துக்குக் குடி, உப்போடு குடி. மோர், நீச்சத்தண்ணி, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எதுவானாலும் சரி. ஒன்றை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். கூட வருகிறவன் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குக் கோபப்பட்டாலோ அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். நடப்பதால் வருகிற வெப்பத்தாக்கில் வியர்த்துக்கொண்டே மயங்குகிறவர்கள் உண்டு. நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், விசிறி. ஆளை மருத்துவமனைக்கு அனுப்புவது அதற்கு அடுத்தது.

நண்பர்களோடு நடப்பதுதான் இந்தத் தொழிலிலேயே சிக்கலான பகுதி என்பேன். வாத்தியார் இயல்பிலேயே வேகக்காரன். முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருப்பான். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் “வாங்க போலாம்” என்று எழுந்துவிடுவான். அவனுக்குப் பத்து நிமிட ஓய்வு கிடைத்திருக்கும். கடைசியாக வந்த சிங்கப்பூர்க்காரனுக்கு ஒரு நொடிகூட இல்லை. யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவனுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காத ஏற்பாடு இது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நட்புக் கூட்டம் அத்தனையும் இப்படித்தான் நடக்கிறது. ஊட்டிக்குப் போனாலும் கொல்லிமலை ஆகாயகங்கைப் படியில் இறங்கினாலும் கடைசி ஆளின் முகத்தைப் பாருங்கள்.

அப்பாயி அதைப் பார்த்துவிட்டு வாத்தியாரைக் கூப்பிட்டார். “ஏண்டா சாமி, ஆட்டை எப்பிடி ஓட்டுவாக தெரியுமா? நொண்டி ஆட்டுக்குப் பின்னாடிதான் மேய்க்கிறவன் போவான்.” அதோடு வரிசை மாறியது. மெதுவாக நடக்கிறவன் முன்னால். வேகக்காரன் கடைசியில். வாத்தியாருக்கு முதல் நாள் அது தண்டனை மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். பிறகு கடைசி ஆளாக வருவதில் ஒரு பொறுப்பு இருப்பதைக் கண்டுகொண்டான். யார் கால் இழுக்கிறது, யார் தண்ணீர் குடிக்காமல் வருகிறான், யார் பேச்சு குறைகிறது என்பதெல்லாம் பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். சிங்கப்பூர்க்காரனுக்கோ, தான் சுமை என்ற வெட்கம் போய்விட்டது. வெட்கத்தில்தான் ஆட்கள் வலியை மறைக்கிறார்கள்.

கரடு போதாது என்றான பிறகு, சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போகிற மலைப்பாதையை எடுத்துக்கொண்டோம். தார் ரோடுதான். காட்டுக்குள் கிடக்கிற ஒற்றையடிப் பாதைகள் எங்களுக்கு ஆசை காட்டின. அப்பாயியும் இளவயதில் போன தடங்களைச் சொன்னார், ஆனால் போகச் சொல்லவில்லை. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அதைவிட, கோடைக் காடு தீக்காடு. பச்சைமலைச் சரிவில் புல்லும் சருகும் உண்ணிச்செடியும் காய்ந்து கிடக்கிற மாதங்கள் அவை.

2018 மார்ச் 11-ஐ மறக்க முடியாது. தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் எங்களைப் போல, வேலைக்குப் போகிற இளையவர்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 தடங்களை முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தது. தீப்பிடிக்கும் காலத்தில் அவற்றை மூடிவிடுகிறார்கள். மூடுவதைக் குறை சொல்கிறவர்கள் தீ எப்படி ஏறும் என்று பார்த்ததில்லை. சமதளத்தைவிட ஏற்றத்தில் அது வேகமாகப் போகும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்களின் தோராயக் கணக்கு. மனிதனுக்கு ஏற்றத்தில் வேகம் பாதியாகும். புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடாதே, புல்லில்லாத மொட்டைப்பாறையையோ ஏற்கெனவே எரிந்து கரியான இடத்தையோ பிடி என்று அப்பாயி சொன்னதற்கும் இதுதான் காரணம். பீடி குடிக்கிறவனை மலைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பதும் அவர் சட்டம். தான் வெற்றிலை போடுவதை அவர் அதில் சேர்க்கவில்லை.

தார் ரோட்டில் நடப்பது சப்பென்று இருக்கும் என்று நினைத்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் நீண்ட நேரம் ஒரே சீராக ஏறி, அதே அளவு இறங்கும்போது, கரட்டில் தெரியாத குறைகள் தெரிந்தன. இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் போய் இடித்தன. நகத்தை ஒட்ட வெட்டுவது, இறங்கத் தொடங்குமுன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்குவது, தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவது எல்லாம் அங்கே கற்றவை. புது ஷூ வாங்கிவைத்திருந்த செல்போன் கடைக்காரன் அதை அங்கேதான் அடித்துப் பழக்கினான்.

வெள்ளியங்கிரிக்கு மே மாதத்தில் போனோம். பிளாஸ்டிக் இருக்கிறதா என்று அடிவாரத்தில் பையைச் சோதிக்கிறார்கள். மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவில் ஏறத் தொடங்கினோம். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் இரவில்தான் ஏறுகிறார்கள். முதல் மலையின் படிக்கட்டுதான் ஆட்களைக் கவிழ்ப்பது. கூட்டத்தின் உற்சாகத்தில் கோஷம் போட்டுக்கொண்டு வேகமாக ஏறியவர்கள் முதல் மலை முடிவதற்குள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சிங்கப்பூர்க்காரன் முன்னால், வாத்தியார் கடைசியில், நடுவில் சினிமாக் கதை. ஐந்தாவது மலையில் சிங்கப்பூர்க்காரனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நான்கு பேரும் நின்றோம், உப்புத் தண்ணீர் குடித்தோம், அவன் எழுந்தபோது எழுந்தோம். விடியலில் உச்சியில் குளிர் காற்று அடித்தது. தரிசனம் முடித்துக்கொண்டு அங்கே அதிக நேரம் நிற்கவில்லை, வெயில் ஏறுமுன் இறங்க வேண்டும்.

இறக்கத்தில்தான் மலை யாரென்று தெரிந்தது. எங்களைவிட வயதில் குறைந்தவர்கள், வாட்டசாட்டமானவர்கள், படிகளில் பின்பக்கமாகத் திரும்பியும், உட்கார்ந்து நகர்ந்தும், தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே போகும்போது எங்களைத் தாண்டிப்போன முகங்கள் சில அவற்றில் இருந்தன. நாங்கள் கரட்டுக் கணக்கிலேயே, எட்டைச் சுருக்கி, பேசிக்கொண்டே அடிவாரம் வந்து சேர்ந்தோம். மறுநாள் தொடை வலித்தது, ஆனால் படியிறங்கக் கைப்பிடியைத் தேடவில்லை.

வெள்ளியங்கிரி வழி ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் திறக்கும். நண்பர்களோடு போக நினைக்கிறவர்கள் மார்கழியிலேயே பக்கத்து மலைக்கோயில் படியையோ ஊர்க் கரட்டையோ பிடித்துவிடுங்கள். பயிற்சியில் ஏறுவதைவிட இறங்குவதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். இதயநோய், இரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். உங்கள் கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவர் யார் என்று இப்போதே பார்த்துவைத்து, அவரை முன்னால் விடுங்கள்.